போனில் உள்ள உங்கள் தொழில் விபரம் சரியாக இருக்கிறதா?

முன்பெல்லாம் வேலை தேடிப் போகிறவர் கையில் விண்ணப்பக் கடிதமும் சர்டிபிகேட் பைலும் இருந்தால் போதும். இன்று பல கம்பனிகள் விண்ணப்பம் கிடைத்ததும் அந்தப் பெயரை இணையத்தளத்தில் தேடிப் பார்க்கின்றன. இதற்காகவே உள்ளது லிங்க்ட்இன். 2003 ஆம் ஆண்டில் தொடங்கிய இத்தளத்தில் 16 வயது நிரம்பியவர்கள் இலவசமாகப் பதியலாம்.

நம் பிள்ளைகள் சிலர் பதிந்தும் இருக்கிறார்கள். ஆனால் "நாம என்னத்த பெருசா செஞ்சிட்டோம், எழுதுறதுக்கு?" என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் தோட்டத்தில் செய்த வேலையை வெட்கப்பட்டு மறைத்து விடுகிறார்கள். அப்படி மறைத்தால் ஐந்து வருட அனுபவம் இருந்தும், ஒன்றுமே செய்யாதவர் போலத்தான் தெரியும்.

கவனிக்க வேண்டியவை:

1. பெயர்: பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி என்பது நம்மவர்களுக்குப் பழகிப் போன தொல்லை. இங்கே மூன்றாவது மாதிரி எழுத வேண்டாம். அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துக்களையே போடுங்கள்.

2. தலைப்பு வரி: பெயருக்குக் கீழே 220 எழுத்துக்குள் ஒரு வரி எழுதலாம். "வேலை தேடுகிறேன்" என்று மட்டும் எழுதாமல், என்ன வேலை தெரியும் என்று எழுதுங்கள்.

3. செய்த வேலை: "ஃபெக்டரியில் வேலை" என்றால் யாருக்கும் விளங்காது. "தேயிலைத் தொழிற்சாலையில் 5 வருடம், வாட்டுதல், அரைத்தல், உலர்த்துதல் பகுதிகளில் வேலை, இரவு நேர மெஷின் பொறுப்பு" என்றால் விளங்கும். பிள்ளை மடுவத்தில் வேலை செய்த தங்கச்சி, எத்தனை பிள்ளைகளை எத்தனை வருடம் பார்த்தார் என்று எழுதலாம்.

4. பயிற்சி: என்.வி.கியூ. சர்டிபிகேட் இருந்தால் எத்தனையாம் மட்டம் என்று குறிப்பிடுங்கள். இல்லாததை எழுத வேண்டாம். நேர்முகப் பரீட்சையில் அகப்பட்டுக் கொள்வீர்கள்.

5. படம்: கல்யாண வீட்டுப் படம், கறுப்புக் கண்ணாடிப் படம் வேண்டாம். பகல் வெளிச்சத்தில், வெள்ளைச் சுவருக்கு முன் நின்று எடுத்தால் போதும்.

ஓர் எச்சரிக்கை. அடையாள அட்டை இலக்கம், பாஸ்போர்ட் படம், வீட்டு விலாசம் ஆகியவற்றை அங்கே போடாதீர்கள். வெளிநாட்டு வேலை என்று யாராவது எழுதிப் பணம் கேட்டால், ஒரு சதமும் கொடுக்காமல் அவர் அனுமதிப்பத்திரம் உள்ள முகவரா என்று இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள். நகையை அடகு வைத்த பிறகு விசாரித்துப் பயனில்லை.

பெற்றோரே, "எந்நேரமும் போனை நோண்டிக்கிட்டு இருக்கான்" என்று ஏசுவதற்கு முன், பிள்ளை என்ன எழுதுகிறான் என்று கேளுங்கள். எந்த வருடம் எங்கே வேலை செய்தான் என்பது அவனை விட உங்களுக்குத்தான் நன்றாக ஞாபகம் இருக்கும். எழுதி முடிந்ததும் ஆங்கிலம் தெரிந்த ஒரு ஆசிரியரிடம் காட்டிப் பிழை திருத்திக் கொள்ளட்டும்.

உழைத்த உழைப்பை உள்ளபடி சொல்வது தற்பெருமை அல்ல. நாம் சொல்லாவிட்டால் நமக்காக வேறு யாரும் சொல்லப் போவதில்லை.