ஊன்றுகோலின் உயிர் நுனியில்

மாணவர்களே, கால் எலும்பு முறிந்த ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது கக்கத்தில் வைத்து நடக்கும் இரண்டு ஊன்றுகோல்களும் கூடவே வந்திருக்கும். மருத்துவமனைத் தரை சமமானது, உலர்ந்தது. வீடு அப்படியா? தோட்டத்துப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். வாசலில் படி, சமையலறைக்கு இறங்க இன்னொரு படி, எந்நேரமும் ஈரமான குளியலறை. ஆறிவரும் எலும்போடு இன்னொரு முறை விழுந்தால் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும்.

ஊன்றுகோலைத் தலைகீழாகத் திருப்பி நுனியைப் பாருங்கள். ஒரு ரப்பர் உறை இருக்கும். அது இல்லாவிட்டால் அலுமினியக் குழாய் சிமெண்டில் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். ரப்பர் மென்மையானது. எடை அழுத்தும்போது தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமுங்கிப் பிடித்துக்கொள்ளும். இதைத்தான் உராய்வு என்கிறோம்.

பேராக்கில் வாழும் நமக்கு ரப்பர் அந்நியப் பொருளா என்ன! 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. நம் தாத்தா பாட்டிமார் சீவிய பால் அப்படியே உறைந்தால் வெயிலில் பிசுபிசுக்கும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படும் என்று 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டார். ஆனால் அந்த ரப்பரும் நாளடைவில் காற்றுபட்டு இறுகும், வெடிக்கும். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய ஊன்றுகோல் என்றால் நுனியை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்லைப் போல இருந்தாலோ, அடிப்பக்கக் கோடுகள் தேய்ந்திருந்தாலோ உறையை மட்டும் மாற்றினால் போதும். விலை அதிகமில்லை.

நல்ல ரப்பரும் வழுக்கும். எப்போது? ஊன்றுகோல் சாயும்போது அதன் விசை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று தரையைக் கீழ்நோக்கி அழுத்தும், மற்றொன்று நுனியைப் பக்கவாட்டில் தள்ளும். செங்குத்திலிருந்து 10 பாகை சாய்ந்தால் தள்ளும் விசை, அழுத்தும் விசையில் 18 விழுக்காடுதான். 20 பாகையில் 36, 30 பாகையில் 58 விழுக்காடு. உராய்வு அதைத் தாங்காத கணத்தில் நுனி ஓடிவிடும். உலர்ந்த சிமெண்டில் தாங்கும் கோணம், சோப்பு நீரில் தாங்காது. இதில் ஆளின் எடைக்கு வேலையே இல்லை. எடை கூடினால் இரண்டு விசைகளுமே சேர்ந்து கூடும். "நான் ஒல்லி, வழுக்காது" என்ற பேச்சு செல்லாது.

நுனியில் ரப்பர் உள்ள பென்சிலைத் தலைகீழாக மேசையில் ஊன்றி, மெல்லச் சாய்த்துக்கொண்டே அழுத்துங்கள். எந்தக் கோணத்தில் வழுக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மேசையில் சோப்பு நீர் தடவி மறுபடி செய்யுங்கள். ஈரத்தில் ஏன் குட்டி எட்டு வைக்க வேண்டும் என்பது அப்போது விளங்கும். எட்டு சிறியதானால் சாய்வும் சிறியதாகும்.

குளியலறைத் தரையை முதலில் துடைத்துவிடுங்கள். நகரும் கால்மிதிகளை எடுத்துவிடுங்கள்.

கக்கத்தில் தொங்கிக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது கூடாது. கைக்குப் போகும் நரம்புகள் அக்குள் வழியாகத்தான் செல்கின்றன. நாள் கணக்கில் அங்கே அழுத்தினால் மணிக்கட்டைத் தூக்கவே முடியாமல் போகலாம். எடையை உள்ளங்கைகள்தான் தாங்க வேண்டும். நேராக நிற்கும்போது அக்குளுக்கும் கோலுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கைப்பிடியைப் பிடித்தால் முழங்கை சற்றே மடங்க வேண்டும்.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் காயக் காலும் முதலில். இரண்டிலும் மேல்படியில் இருக்கும் காலே உடலைத் தூக்குகிறது அல்லது மெல்ல இறக்குகிறது. அந்தப் பாரமான வேலை நல்ல காலுக்கு. காயக் காலில் எவ்வளவு எடை போடலாம் என்பதை மட்டும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சில வாரங்களில் ஒற்றைக் கைத்தடி போதும் என்பார்கள். பலரும் அதை வலிக்கும் காலின் பக்கமே பிடிக்கிறார்கள். எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். காயக் கால் தரையைத் தொடும்போது கைத்தடியும் மறுபக்கம் ஊன்றும். இரண்டுக்கும் நடுவே உடலின் எடை விழும். ஈப்போ பழைய நகரின் ஐந்தடிகளில் கடைக்குக் கடை தரை ஏறி இறங்கும். அங்கே அவரை அழைத்துப் போனால் நீங்கள் ஓரடி முன்னால் நடந்து, படி வருவதைச் சொல்லிக்கொண்டே போங்கள்.