கோதுமைக் களச்சோதனைகள் கூறும் பரம்பரைச் செய்தி

ஓராண்டின் விளைச்சல் மிகுமாயின், அது வித்தின் திறனோ, பருவத்தின் கொடையோ, பசளையின் பயனோ என்று பிரித்தறிதல் எளிதன்று. மூன்றும் ஒரே கதிரிற் கலந்து நிற்கின்றன. கோதுமை இனவிருத்தி செய்வோரை நெடுங்காலம் எதிர்நோக்கிய வினா இதுவே. பல்லாண்டுகளாக நடாத்தப்பெற்ற களச்சோதனைகளின் பதிவேடுகள் அதற்கு விடை காண உதவின.

இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1843இல் தொடங்கிய கோதுமை வயற் சோதனை இன்றும் நடைபெறுகின்றது. பசளைகளின் பயனை அறியும் பொருட்டே அது ஏற்பட்டது. 1919இல் அந்நிலையத்திற் சேர்ந்த ஆர். ஏ. பிஷர் என்னும் அறிஞர் அவ்வயலின் கணக்குகளை ஆராய்ந்து, ஆண்டுக்காண்டு நேரும் ஏற்றத்தாழ்வையும் மெல்ல நிகழும் மாற்றத்தையும் கணித நெறியால் வேறாக்கி 1921இல் வெளியிட்டார். கலந்து நிற்கும் காரணங்களைத் தனித்தனியே அளக்கலாம் என்பது அதனாற் புலனாயிற்று.

இனங்களை ஒப்பிடும் சோதனைகளிலோ மற்றோர் இடர்ப்பாடு உண்டு. ஆண்டுதோறும் புதிய இனங்கள் புகப் பழையன நீங்குகின்றன. 1950ஆம் ஆண்டின் இனமும் 1990ஆம் ஆண்டின் இனமும் ஒரே வயலில் நின்றிருப்பது அரிது. அவற்றை ஒப்பிடுவது எங்ஙனம்? இரண்டு ஆண்டுகளின் பரீட்சைகளை எண்ணிப் பார்க்க. சராசரிப் புள்ளி குறைந்தால், மாணவர் திறன் குறைந்ததோ, வினாத்தாள் கடினமாயிற்றோ என்பது தெரியாது. இரு பரீட்சைக்கும் தோற்றிய மாணவர் சிலர் இருப்பின், அவர்தம் புள்ளிகளைக் கொண்டு வினாத்தாள்களின் வேறுபாட்டை மதிப்பிடலாம். அவ்வாறே, அடுத்தடுத்த ஆண்டுகளிற் பொதுவாக நின்ற இனங்கள் காலங்களை இணைக்கும் பாலமாகின்றன. மாணவன் ஓராண்டில் மாறக்கூடும். தன்மகரந்தச் சேர்க்கையுடைய கோதுமையினமோ தன் இயல்பு பெரிதும் மாறாது நிற்கும்.

ஐக்கிய இராச்சியத்தில் 1948 முதல் 2007 வரை நடந்த இனச்சோதனைகள் இந்நெறியால் ஆராயப்பெற்று, முடிவுகள் 2011இல் வெளிவந்தன. 1982இன் பின் தானியப் பயிர்களில் ஏற்பட்ட விளைச்சற் பெருக்கத்தில் குறைந்தது 88 வீதம் இனவிருத்தியினால் விளைந்ததென அவை காட்டின.

எனினும் இரு எச்சரிக்கைகள் வேண்டப்படும். முதலாவது, வித்து மாறாவிடினும் அதனைத் தாக்கும் பங்கசு மாறும். ஓரினத்தின் எதிர்ப்பை வெல்லும் புதிய துருநோய் வகை தோன்றின், அவ்வினத்தின் விளைச்சல் வீழும். புதிய இனம் உள்ளதினும் உயர்ந்ததாகத் தோன்றும். ஆதலின் பங்கசுநாசினி தெளித்த பாத்திகளையும் தெளியாதவற்றையும் வேறாக நோக்குதல் வேண்டும்.

இரண்டாவது, வித்தும் பசளையும் முற்றிலும் தனித்தவையல்ல. யப்பானில் 1935இல் உருவான நோரின் 10 என்னும் குட்டைக் கோதுமையின் பரம்பரையலகுகள் உலகின் பல இனங்களிற் சேர்க்கப்பட்டன. நெடிய கோதுமை மிகுந்த பசளையிற் சாய்ந்துவிடும். குட்டையினமோ நிமிர்ந்து நின்று அப்பசளையைத் தானியமாக்கும். இவ்வலகுகள் தாவர வளர்ச்சியைத் தூண்டும் சிபரலின் என்னும் ஓமோனுக்குச் செடி இணங்காதவாறு செய்கின்றன என்பது 1999இல் விளக்கமுற்றது.

இன்று பழைய இனங்களின் வித்துக்களிலிருந்து மரபுப்பொருளின் அடையாளங்களைப் படித்து, அவற்றைப் பழைய விளைச்சற் கணக்குகளோடு பொருத்தி, எப்பகுதி விளைச்சலை உயர்த்தும் என்று தேடுகின்றனர். ஒரே குடியிற் பிறந்த இனங்கள் பல அடையாளங்களைப் பொதுவாகக் கொண்டிருத்தலின், உறவுமுறையையும் கணக்கிற் கொள்ளாவிடின் முடிவு பிழைபடும்.

1948இல் விளைச்சலை நிறுத்துக் குறித்தோர் இப்பயனை எண்ணியிருக்க இயலாது. மரபுப்பொருளின் அமைப்பே 1953இற்றான் தெளிவாயிற்று. ஆயினும் அவர்தம் கணக்கு நேர்மையானதாக இருந்தமையால், பின்வந்தோரின் புதிய வினாக்களுக்கும் அது விடை பகர்கின்றது. இடையில் ஓராண்டுப் பதிவு விடுபடினும் பாலத்தின் ஒரு கண் தளரும். புதிய கருவிகளை எக்காலத்தும் ஆக்கிக்கொள்ளலாம். கடந்த ஆண்டின் அறுவடையை மீண்டும் நிறுத்தல் எவர்க்கும் இயலாது.