மனம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை

ரிச்சர்டு லபியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1930இல் தொடங்கி இரண்டு ஆண்டுகள், ஓர் இளம் சீனத் தம்பதியரோடு அமெரிக்காவில் நெடும்பயணங்கள் போனார். சீனத் தொழிலாளர்கள் குடியேறுவதை 1882இலேயே சட்டம் போட்டுத் தடுத்திருந்த நாடு அது. சீனர்மீதான வெறுப்பைப் பலர் ஒளிக்காமல் பேசிய காலம். ஆனால், மூவரும் போன 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒரே ஓர் இடத்தில்தான் அவர்களை ஏற்க மறுத்தார்கள். ஆறு மாதம் கழித்து, ‘சீனர்களை ஏற்றுக்கொள்வீர்களா?’ என்று அதே இடங்களுக்கு லபியர் கடிதம் எழுதினார். பதில் போட்ட 128 இடங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் ‘மாட்டோம்’ என்றன. 1934இல் வெளியான இந்த ஆய்வில் ஓட்டைகள் உண்டு. கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் அன்று வாசலில் வரவேற்றவரும் ஒரே ஆள்தானா என்பது தெரியாது. கூடவே ஒரு வெள்ளையர் இருந்ததும் உதவியிருக்கும். ஆனாலும், மனத்தில் இருப்பதுதான் செயலாக வெளிப்படுகிறது என்ற பழைய நம்பிக்கையை அது உலுக்கியது. 1969இல் உளவியலாளர் ஆலன் விக்கர் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும், மனப்பான்மைக்கும் நடத்தைக்கும் இடையிலான தொடர்பு பெரும்பாலும் மெலிந்தே இருந்தது.

மனப்பான்மை என்பது ஓர் ஆளையோ குழுவையோ கருத்தையோ பற்றி நமக்குள் படிந்திருக்கும் விருப்பு வெறுப்பு. அது செயலைத் தொடுவதே இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டினால் தவறு. 1979இல் வெளியான டேவிட்சன், ஜக்கார்டு ஆய்வு இதைத் தெளிவாக்கியது. கருத்தடை பற்றிப் பொதுவாக என்ன நினைக்கிறார்கள் என்று பெண்களிடம் கேட்டபோது, அவர்கள் பின்னர் மாத்திரை எடுத்துக்கொண்டார்களா என்பதோடு அந்தப் பதிலுக்கு ஏறக்குறைய தொடர்பே இல்லை (தொடர்புக் கெழு 0.08). ‘அடுத்த இரண்டு ஆண்டுகளில் நான் மாத்திரை எடுத்துக்கொள்வது’ பற்றிக் கேட்டபோது தொடர்பு 0.57ஆக உயர்ந்தது. குறிப்பான செயலைப் பற்றிய எண்ணம் அந்தச் செயலை ஓரளவு காட்டிக்கொடுக்கும். ‘எனக்குச் சாதி வித்தியாசமே கிடையாது’ என்பது போன்ற பொதுப்பேச்சு எதையும் காட்டிக்கொடுக்காது.

இதைவிட முக்கியமானது, இந்த ஓட்டம் எதிர்த்திசையிலும் நடக்கிறது என்பது. 1959இல் வெளியான சோதனையில் உளவியலாளர்கள் ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் சலிப்பூட்டும் வேலை கொடுத்து, அடுத்து வருபவரிடம் ‘சுவையான வேலை’ என்று சொல்லச் சொன்னார்கள். அந்தப் பொய்க்குச் சிலருக்கு ஒரு டாலர், சிலருக்கு இருபது டாலர். பிறகு கேட்டபோது, ஒரு டாலர் வாங்கியவர்கள்தான் வேலை உண்மையிலேயே நன்றாக இருந்தது என்றார்கள். இருபது டாலர்காரர்களுக்குப் பொய் சொன்னதற்குப் பணம் என்ற காரணம் இருந்தது. மற்றவர்களுக்குப் போதிய காரணம் இல்லை. அதனால் செய்த செயலுக்கு ஏற்ப எண்ணத்தை மாற்றிக்கொண்டார்கள் என்பது ஃபெஸ்டிங்கரின் விளக்கம்.

அப்படியென்றால், ‘சட்டம் போட்டால் மனம் மாறிவிடுமா?’ என்று நம் ஊரில் கேட்பவர்களுக்கு இதே சோதனை கைகொடுப்பதுபோல் தோன்றும். புறக்காரணம் வலுவாக இருந்தால் உள்ளே எதுவும் மாறாது அல்லவா? நியாயமான கேள்விதான். ஆனால் சட்டம் செய்வது கட்டாயப்படுத்துவது மட்டுமல்ல. அதுவரை பார்க்கக் கிடைக்காததைப் பார்க்கவும் வைக்கிறது. மேற்கு வங்கத்தில் கிராம ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு, சுழற்சி முறையில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. லோரி பீமன், எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கே ஒரே உரையை ஆண் குரலிலும் பெண் குரலிலும் ஒலிக்கவிட்டு மதிப்பிடச் சொன்னார்கள். பெண் தலைவரையே பார்த்திராத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைவாக மதிப்பளித்தார்கள். பெண் தலைவர் இருந்த ஊர்களில் அந்த வேறுபாடு மறைந்திருந்தது. 2009இல் வெளியான இந்த ஆய்வில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்கவைப்பது வேறொரு முடிவு. ஆண் தலைவரே வேண்டும் என்ற விருப்பம் அந்த ஆண்களிடம் அப்படியே இருந்தது. பெண்ணால் முடியாது என்ற கணிப்பு மட்டும் உடைந்தது. அதுவே போதுமானதாக இருந்தது: இரண்டு முறை இடஒதுக்கீடு கண்ட ஊர்களில், ஒதுக்கீடு நீங்கிய பிறகும் கூடுதலான பெண்கள் போட்டியிட்டு வென்றார்கள்.

எந்த நெருக்கமும் நல்லதே செய்யும் என்றும் சொல்ல முடியாது. உத்தரப் பிரதேசத்தில் ஆய்வாளர் மேத்யூ லோ நடத்திய கிரிக்கெட் போட்டிகளில், பல சாதி இளைஞர்கள் ஒரே அணியில் ஆடியபோது சாதி கடந்த நட்பு கூடியது. எதிரணியில் மட்டும் சந்தித்தபோது அப்படிக் கூடவில்லை. சேர்ந்து வேலை செய்வதுதான் மாற்றுகிறது, பக்கத்தில் நிற்பது அல்ல.

தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்க 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. பெண் தலைவரின் நாற்காலியில் அவருடைய கணவர் உட்காரும் ஊராட்சியில், அந்தப் பெண்ணின் வேலையைப் பார்க்கும் வாய்ப்பையே ஊர் இழக்கிறது. மேற்கு வங்கத்தில் நடந்தது அங்கே நடக்க வழியில்லை. எனவே மனுவோடு போகிறவர்கள் அதைத் தலைவரின் கையில்தான் கொடுக்க வேண்டும், பதிலையும் அவரிடமே கேட்க வேண்டும்.