இரண்டு விடியலில் தொலைந்த வால்நட்சத்திரம்

தங்கவயல் அருகே உள்ள பேத்தமங்களா ஏரியிலிருந்து தென்கிழக்கே நேர்கோடு போட்டால், சுமார் 70 கிலோமீட்டரில் ஜவ்வாது மலை. அங்கே காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம். மேற்கே பெங்களூர் சாலையைப் பிடித்தால் ஹொஸகோட்டே. லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கியைச் செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்கும் மையம் அங்கேதான் இருக்கிறது. இரண்டுமே இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. 1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் நியூட்ரினோ பிடித்த கதை தங்கவயலில் பலருக்குத் தெரியும். இந்த இரு பக்கத்துச் சங்கதி அவ்வளவாகத் தெரியாது.

இத்தகைய தொலைநோக்கிகள் செய்யும் ஒரு வேலையைப் பற்றித்தான் இங்கே பேச்சு. பூமியைச் சிறுகோள் தாக்கப்போகிறது என்று அவ்வப்போது செய்தி வரும். இரண்டு வாரத்தில் அது சத்தமில்லாமல் போய்விடும். விஞ்ஞானிகள் தப்பாகச் சொல்லிவிட்டு மழுப்புகிறார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொள்வோம். உண்மையில் அந்த இரண்டு வாரத்தில்தான் வேலையே நடக்கிறது. அதன் பெயர் தொடர் கண்காணிப்பு. அது நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் சென்னையிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு.

பீலா என்ற வால்நட்சத்திரம் 1846-இல் இரண்டாக உடைந்தது. 1852-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. 1872 நவம்பர் 27 இரவு, அதன் பாதையை பூமி கடந்தபோது ஐரோப்பாவில் எரிகற்கள் மழையாகக் கொட்டின. ஜெர்மனியின் கோட்டிங்கனில் இருந்த கிளிங்கர்ஃபூஸ் என்ற வானியலாளருக்கு ஒரு யோசனை. பூமியை உரசிப்போன பீலா இப்போது தெற்கு வானத்தில் இருக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து அது தெரியாது. உடனே சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சனுக்குத் தந்தி பறந்தது. எந்த நட்சத்திரத்துக்கு அருகே தேட வேண்டும் என்பதும் தந்தியிலேயே இருந்தது.

நுங்கம்பாக்கத்தில் அப்போது வடகிழக்குப் பருவமழை. இரண்டு விடியற்காலைகள் மேகத்தில் போயின. அடுத்த விடியலில் வானம் சற்றுத் திறந்தது. போக்சன் பார்த்தார்: வால் இல்லாத, வட்டமான, பிரகாசமான வால்நட்சத்திரம். மறுநாளும் பார்த்தார், இப்போது சிறு வாலும் இருந்தது. அதன்பின் மறுபடி மேகம் மூடியது. அவ்வளவுதான், உலகில் வேறு யாரும் அதைப் பார்க்கவே இல்லை.

ஒரு சுற்றுப்பாதையை வரையறுக்க ஆறு எண்கள் வேண்டும். வானத்தில் ஒருமுறை இடம் குறித்தால் கிடைப்பவை இரண்டு. ஆகவே குறைந்தது மூன்று இரவுகளின் பதிவு தேவை. போக்சனிடம் இருந்தவை இரண்டு. அவர் கண்டது பீலா அல்ல என்று பிற்பாடு ஓரளவு தெளிந்தது. ஆனால் எது என்று சொல்ல வழியில்லை. இன்றும் பட்டியலில் அதன் பெயருக்கு முன்னால் 'எக்ஸ்' என்ற எழுத்து நிற்கிறது. பாதை கணிக்க முடியாத வால்நட்சத்திரங்களுக்கு மட்டும் இடும் குறி அது.

போக்சன் சாதாரண ஆளல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1861-இல் சென்னையிலிருந்து அவர் கண்ட சிறுகோளுக்கு ஏசியா என்று பெயர். ஆசியக் கண்டத்தில் கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அதுதான். 1885-இல் வேரா வரை ஐந்து சிறுகோள்கள் சென்னைக் கணக்கில் உண்டு. அத்தனை கெட்டிக்காரரையும் ஒரு மூன்றாவது இரவு இல்லாமல் போனது தோற்கடித்தது.

வேராவுக்குப் பிறகு ஒரு நூற்றாண்டு இந்தியாவிலிருந்து எதுவும் இல்லை. காவலூரில் வானியலாளர் ராஜமோகன் தலைமையில் 'கல்கி' என்ற சிறுகோள் தேடல் தொடங்கி, 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியில் 1988 பிப்ரவரி 17 அன்று ஒன்று சிக்கியது. இன்று அது 4130 ராமானுஜன். கணித மேதையின் பெயரை எல்லோரும் கவனிப்பார்கள். நான் அந்த எண்ணைத்தான் கவனிப்பேன். பல முறை பார்த்து, பாதை உறுதியான பிறகுதான் ஒரு சிறுகோளுக்கு நிரந்தர எண் தருவார்கள். அதுவரை தற்காலிகக் குறியீடு மட்டும்.

இன்று படமெடுப்பது எலெக்ட்ரானிக் கேமரா. சில நிமிட இடைவெளியில் பல படங்கள் எடுப்பார்கள். நட்சத்திரங்கள் அசையாமல் நிற்கும், ஒரு புள்ளி மட்டும் நகரும். அதன் இடத்தையும் நேரத்தையும் துல்லியமாக அளந்து அமெரிக்காவில் உள்ள சிறுகோள் மையத்துக்கு அனுப்ப வேண்டும். முதல் நாள் கணக்கு எப்போதும் பலவீனமானது. பங்காருபேட்டைக்கு முன்னால் ரயிலை ஒரு நொடி பார்த்துவிட்டு, அது மாரிக்குப்பத்துக்குத் திரும்புமா ஜோலார்பேட்டைக்குப் போகுமா என்று சொல்வது போன்றது. பிழையின் எல்லை லட்சக்கணக்கான கிலோமீட்டர் அகலம் இருக்கும். அதற்குள் எங்கோ பூமியும் இருக்கும்.

பதிவுகள் சேரச் சேர அந்த எல்லை சுருங்குகிறது. சுருங்கும் எல்லைக்குள் பூமி இன்னும் இருந்தால், தாக்கும் சாத்தியம் கணக்கில் ஏறத்தான் செய்யும். எல்லை பூமியைத் தாண்டிப் போனதும் சட்டென்று பூஜ்யத்தை நெருங்கும். 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் விஷயத்தில் நடந்தது இதுதான். 2024 டிசம்பர் 27 அன்று சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி அதைக் கண்டது. 2032-இல் தாக்கும் சாத்தியம் 2025 பிப்ரவரி 18 அன்று 3.1 சதவீதத்தைத் தொட்டது. சில நாட்களில் கவலைப்பட ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. கணக்கு மாறியது குறையல்ல, கணக்கு வேலை செய்ததற்கு அடையாளம்.

இதில் இந்தியாவுக்கு ஒரு தனி இடம் உண்டு. பெரும் தேடல் தொலைநோக்கிகள் ஹவாய், அரிசோனா, சிலி பக்கம் இருக்கின்றன. அங்கே விடிந்தபின் வேகமாக ஓடும் சிறுகோளை யார் பார்ப்பது? நம் இரவு அப்போதுதான். ஹான்லேயில் இந்திய வானியற்பியல் நிறுவனமும் மும்பை ஐ.ஐ.டி.யும் நடத்தும் 70 செ.மீ. தானியங்கித் தொலைநோக்கி இந்த வேலையையும் செய்கிறது. கண்டுபிடிப்புக்குத்தான் பெரும்பாலும் பெரிய கருவியும் பெரிய பணமும் வேண்டும். தொடர்ந்து பார்க்கப் பல நேரம் சிறிய கருவி போதும், நேரம் ஒதுக்க மனம் வேண்டும். நம் பல்கலைக்கழகங்கள் அந்த மனத்தை இதுவரை காட்டியது குறைவு.

தொலைநோக்கி இல்லாமலும் இதில் சேரலாம். சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு, பெரிய தொலைநோக்கிகள் எடுத்த படங்களை, நகரும் புள்ளியைத் தேடுவதற்காகப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறது. ஒரு கணினி, இணைய இணைப்பு, பொறுமை இருந்தால் போதும். தங்கவயல், பேத்தமங்களா ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களைச் சேர்த்து ஒரு குழுவாகப் பதிவு செய்யலாம். இப்படிப் பார்ப்பதன் பலனுக்கு ஓர் உதாரணம்: 2029 ஏப்ரல் 14 அதிகாலை, சித்திரை முதல் நாள், அபோஃபிஸ் என்ற சிறுகோள் பூமியிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தூரத்தில் கடந்துபோகும். அது மோதாது; 2004 முதல் பலமுறை பார்த்து வந்ததால் அதைத் திட்டவட்டமாகச் சொல்ல முடிகிறது.