ஜப்பான் போனாலும் மூச்சு இரைக்கும்!

"டாக்டர், பொண்ணுக்கு இரைப்பு இருக்குன்னு ஃபாரத்துல எழுதினா செலக்ட் பண்ண மாட்டாங்களோன்னு பயமா இருக்கு. எழுதாம விட்டுடட்டுமா?"

ப்ளஸ் ஒன் மகளோடு என்னிடம் வந்த ஒரு தாயின் கேள்வி இது. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜப்பானுக்குப் போய், அங்கே ஒரு குடும்பத்தோடு பத்து மாதம் தங்கிப் படிக்கப் போகிறாள் மகள்.

"ஃபாரத்துல மறைச்சிடலாம்மா. நெஞ்சுக்குள்ள மறைக்க முடியுமா?" என்றேன்.

உங்கள் பிள்ளையும் நாளை இப்படிப் போகலாம். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

இரைப்பு உள்ள பிள்ளையை நாய், பூனை வளர்க்கும் வீட்டில் விடலாமா? நீங்கள் எழுதினால்தானே அவர்களுக்குத் தெரியும்! தலையணையையும் கவனியுங்கள். ஜப்பானில் சில தலையணைகளில் பஞ்சுக்குப் பதில் 'ஸோபா' என்ற தானியத்தின் உமி இருக்கும். அந்தத் தூசியே சிலருக்கு இரைப்பைக் கிளப்பிவிடும். அதே தானியத்தில் செய்யும் நூடுல்ஸை டிசம்பர் 31 இரவு வீட்டுக்கு வீடு சாப்பிடுவார்கள். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம்.

சைவக் குடும்பமா? 'மீன் வேண்டாம்' என்று மட்டும் எழுதினால் போதாது. மிஸோ சூப்பில் காய்தான் மிதக்கும். அடியில் இருப்பது பெரும்பாலும் காய்ந்த சூரை மீனின் சாறு! 'மீன் சாறும் வேண்டாம்' என்று முன்பே சொல்லுங்கள். கடற்பாசியிலும் காய்ந்த காளானிலும் அதே சூப்பை வைக்க அவர்களுக்குத் தெரியும்.

மருந்து விஷயத்தில் ஜப்பான் ரொம்பக் கண்டிப்பு. டாக்டர் சீட்டு மருந்து ஒரு மாதத்துக்கு மேல் வேண்டுமென்றால், கிளம்பும் முன்பே அந்நாட்டு அரசின் அனுமதி வாங்க வேண்டும். சூடோஎஃபெட்ரின் 10 சதவிகிதத்துக்கு மேல் சேர்ந்த சளி மாத்திரைகளுக்குத் தடை. நானும் சூரணப் பொட்டலம் எதையும் கட்டிக் கொடுக்கவில்லை. பேர் எழுதாத பொடியைப் பார்த்தால் சுங்கத்தில் சும்மா விடுவார்களா? இன்ஹேலரை நிறுத்தச் சொல்லவும் இல்லை. அது கைப்பையிலேயே இருக்கட்டும் என்றேன்.

நான் சொன்ன சித்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். இரவில் வயிறு முட்டச் சாப்பிடாதே, இரைப்பு கூடும். ஜப்பானியரும் இதையே 'ஹரா ஹாச்சி பு' என்கிறார்கள். வயிறு பத்துக்கு எட்டுப் பங்கு நிறைந்தால் போதுமாம்!

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம், நம் பிள்ளைகளின் கூச்சம். அடுத்தவர் வீட்டில் நெஞ்சு அடைத்தாலும் 'பரவாயில்லை ஆன்ட்டி' என்பார்கள். அந்த அம்மாவும் நம்பிவிடுவார். அதனால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்தேன்: 'இகி கா குருஷீ'. மூச்சு விடக் கஷ்டமாக இருக்கிறது என்று அர்த்தம். நடுராத்திரியானாலும் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 119.

அந்தத் தாய் எல்லாவற்றையும் எழுதினார். பெண் செலக்டும் ஆனாள். போன வாரம் திரும்பி வந்தவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"டாக்டர், நான் போறதுக்கு முன்னாடியே அந்த அம்மா தலையணையை மாத்தி வச்சிருந்தாங்க!"