டாக்கோவுக்குள் இருக்கும் சுண்ணாம்பு

மெக்சிகோவின் பசிபிக் கரையில், சினலோவா மாநிலத்தில் இருக்கிறது மசாட்லான் துறைமுகம். இறாலுக்குப் பேர்போன ஊர். அங்கே 'டாக்கோ கோபர்நாதோர்' என்று ஒன்று கிடைக்கும்; ஆளுநர் டாக்கோ. 1987 முதல் 1992 வரை சினலோவாவின் ஆளுநராக இருந்த பிரான்சிஸ்கோ லபஸ்தீதாவுக்கு இறால் டாக்கோ பிடிக்கும் என்று தெரிந்து, அவர் சாப்பிட வந்த நாளில் லோஸ் ஆர்கோஸ் என்ற உணவகம் புதிதாகச் செய்து பரிமாறியதாம். இறால், வெங்காயம், காரம் குறைந்த போப்லானோ மிளகாய், உருகும் சீஸ் எல்லாவற்றையும் மக்காச்சோள ரொட்டிக்குள் வைத்து மடித்துக் கல்லில் வாட்டினால் ஆளுநர் டாக்கோ ஆயிற்று. வடமேற்கே பாஹா கலிபோர்னியாவின் என்செனாடா நகரில் இறாலை மாவில் தோய்த்துப் பொரித்து, நறுக்கிய முட்டைக்கோஸோடு தருவார்கள்.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களின் கவலையெல்லாம் இறாலைப் பற்றியே இருக்கிறது. இறால் சில நிமிட வேலை. டாக்கோவுக்கு டாக்கோ ருசி வருவது அதைச் சுமக்கும் டோர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியால். அதற்கு ஓர் இரவு வேண்டும். கொஞ்சம் சுண்ணாம்பும் வேண்டும்.

வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே நீற்றிய சுண்ணாம்புதான். வேதியியல் பெயர் கால்சியம் ஹைட்ராக்சைடு. காய்ந்த மக்காச்சோளம் ஒரு கிலோவுக்குச் சுமார் 10 கிராம் சுண்ணாம்பு, மூன்று லிட்டர் தண்ணீர். தளதளவென்று கொதிக்கவிடாமல் மெல்லிய தீயில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வைத்து, விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும் பதத்தில் இறக்கி, இரவெல்லாம் அப்படியே ஊறவிட வேண்டும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, சுண்ணாம்பு அதை அரித்துவிடும், எவர்சில்வர் போதும். சமையலுக்கென்றே விற்கும் சுண்ணாம்புத் தூளை வாங்குங்கள். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பின் பக்கம் போகவே வேண்டாம்.

அந்த இரவில் நடப்பது நல்ல வேதியியல். சோளத் தோலின் செல்களை ஒட்டவைத்திருக்கும் ஹெமிசெல்லுலோஸ் என்ற பசை காரத்தில் கரைகிறது, தோல் கழன்றுவிடுகிறது. கால்சியம் உள்ளே புகுகிறது. மாவுச்சத்து பாதி வெந்து ஒட்டும் தன்மை பெறுகிறது. முளைக்கருவின் எண்ணெயில் ஒரு பகுதி உடைந்து, நீரையும் கொழுப்பையும் இணைத்துவைக்கும் பொருள்களாக மாறுகிறது. மறுநாள் இரண்டு மூன்று தண்ணீர் விட்டு அலசினால் கிடைப்பது நிஷ்டமல். அதைக் கெட்டியாக அரைத்தால் மாசா என்ற மாவு. மெக்சிகோவில் இதை நம் அம்மியைப் போலச் சாய்ந்த கருங்கல்லில் முழங்காலிட்டு அரைத்தார்கள். இப்போது பெரும்பாலும் மில்தான். கிரைண்டரில் அரைப்பவர்கள் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும். தளர்ந்துவிட்டால் ரொட்டி எழாது.

சும்மா மக்காச்சோள மாவைப் பிசைந்து தட்டினால் என்ன? விளிம்பெல்லாம் வெடிக்கும். பஞ்சாபில் மக்கி ரொட்டியை உள்ளங்கையில் வைத்துத் தடிமனாகத் தட்டுவது அதனால்தான். கடையில் கார்ன் ஃப்ளோர் என்று விற்கும் வெள்ளைப் பொடி வெறும் மாவுச்சத்து, இந்த வேலைக்கு உதவாது.

ரொட்டி எழுவது மட்டுமல்ல விஷயம். மக்காச்சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் இருந்தும், அதில் பெரும்பகுதி நம் குடல் உறிஞ்ச முடியாதபடி பிணைந்து கிடக்கிறது. சுண்ணாம்பு அதை விடுவிக்கிறது. மத்திய அமெரிக்க மக்கள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இப்படிச் சமைத்து வந்தார்கள். கொலம்பஸுக்குப் பின் சோளத்தை அள்ளிக்கொண்டு போன ஐரோப்பியர்கள் சமைக்கும் முறையை அங்கேயே விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, பேதி கண்டது, புத்தி பேதலித்தது. ஸ்பெயினின் அஸ்டூரியாஸ் பகுதியில் கஸ்பார் கசால் என்ற மருத்துவர் 1735-இல் இந்த நோயைக் குறித்துவைத்தார். வட இத்தாலியிலும் பின்னர் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அது ஆயிரக்கணக்கானவர்களைத் தின்றது. பெலாக்ரா என்று பெயர். தொற்றுநோய் என்றே பலரும் நம்பியிருக்க, உணவுக் குறைதான் காரணம் என்று 1914 முதல் போராடி நிறுவினார் ஜோசப் கோல்ட்பெர்கர். குறைவது நியாசின் என்று தெரிய 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பை அலட்சியம் செய்ததற்கு இவ்வளவு விலை.

இரவெல்லாம் ஊறவைக்க நேரமில்லையா? மாசாவை உலர்த்திப் பொடியாக்கியே விற்கிறார்கள். 1949-இல் நுவோ லியோன் மாநிலத்து செரால்வோவில் தொடங்கிய மசேகா நிறுவனம் இதைப் பெருந்தொழிலாக்கியது. வெந்நீர் விட்டுப் பிசைந்தால் போதும். மணத்தில் பாதிதான் வரும். 

எலுமிச்சை அளவு உருண்டையை இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து, பூரி அழுத்தும் கருவியில் அழுத்தலாம். நன்கு காய்ந்த தோசைக்கல்லில் முதல் பக்கம் அரை நிமிடம், திருப்பி ஒரு நிமிடம், மறுபடி திருப்பினால் உப்ப வேண்டும். இரண்டு பக்கமும் இறுகி நடுவில் நீராவி மாட்டிக்கொண்டதன் அடையாளம் அது. சுட்டதைத் துணியில் சுற்றிவையுங்கள்.

இனி இறால். முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை எடுத்து, துணியால் ஈரமே இல்லாமல் ஒற்றிவிடுங்கள். ஈரம் இருந்தால் கல்லின் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். இறால் வதங்காது, வேகும். உப்பு, பூண்டு, மிளகாய்த்தூள் புரட்டி, காய்ந்த எண்ணெயில் பக்கத்துக்கு ஒரு நிமிடம், பெரிய இறாலுக்குக் கொஞ்சம் கூட. பச்சை இறாலின் சாம்பல் நீலத்துக்குள் அஸ்டாக்சாந்தின் என்ற செந்நிறமி ஒரு புரதத்தில் கட்டுண்டு கிடக்கிறது. சூட்டில் புரதம் குலைய, நிறமி விடுபட்டு இறால் சிவக்கிறது. பிறைபோல் வளைந்ததும் இறக்குங்கள். வளையமாகச் சுருண்டுவிட்டால் ரப்பர்தான்.

எலுமிச்சையை முன்கூட்டிப் பிழியாதீர்கள். அமிலமும் புரதத்தைக் குலைக்கும். சினலோவாவில் பச்சை இறாலை எலுமிச்சைச் சாறிலும் மிளகாயிலும் ஊறவைத்து அகுவாசீலே என்று சாப்பிடுவது அதை நம்பித்தான். ஆனால் அமிலம் வெந்த தோற்றத்தைத் தருமே தவிர, கிருமிகளைத் தீயைப்போல் கொல்லாது.

போப்லானோவுக்குப் பதில் பஜ்ஜி மிளகாயைத் தீயில் வாட்டித் தோலுரித்துப் போடலாம். மிளகாயே மெக்சிகோவிலிருந்து வந்ததுதான். சீஸுக்கு மொசரெல்லா. ரொட்டியின் பாதியில் சீஸ், அதன்மேல் இறாலும் மிளகாயும், மடித்துக் கல்லில் இருபுறமும் மொறுமொறுவென்று வாட்டி உடனே சாப்பிட வேண்டும்.

மீந்த ரொட்டி மறுநாள் விறைத்துவிடும்; ஆறிய மாவுச்சத்து மீண்டும் படிகமாவதால் வரும் விறைப்பு அது. தூக்கிப் போடாதீர்கள். முக்கோணமாக வெட்டிப் பொரித்து, சூடான தக்காளிச் சட்னியில் புரட்டி, மேலே ஒரு முட்டை உடைத்துப் போட்டால் சிலாகீலெஸ். மெக்சிகோவின் காலைச் சாப்பாடு.