777 கொடுக்கலாமா?

சொந்தமாக இணைய தளம் அமைக்க விரும்பும் பலர் தேர்ந்தெடுப்பது வேர்ட்பிரஸ். 2003ல் வெளியான இந்த அப்ளிகேஷன் இலவசம். ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்றில் இடம் வாங்கி, ஃபைல்ஸில்லா போன்ற எப்.டி.பி. புரோகிராம் மூலம் பைல்களை அனுப்பி இன்ஸ்டால் செய்திடலாம். எல்லாம் முடிந்து முதல் படத்தை அப்லோட் செய்கையில்தான் சில வேளைகளில் சிக்கல் வரும். போல்டரில் எழுத முடியவில்லை என்று பிழைச் செய்தி கிடைக்கும். யாரிடமாவது கேட்டால், "போல்டருக்கு 777 கொடுங்கள்" என்பார்கள். கொடுத்தால் பெரும்பாலும் உடனே வேலை செய்யும். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

அது என்ன எண்? ஹோஸ்டிங் சர்வர்களில் பெரும்பாலும் லினக்ஸ் இயங்குகிறது. லினக்ஸ் ஒவ்வொரு பைலுக்கும் மூன்று வகையினரைப் பிரித்துப் பார்க்கும். முதல் இலக்கம் உரிமையாளருக்கு, அடுத்தது குரூப்பிற்கு, கடைசி இலக்கம் மற்ற அனைவருக்கும். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றையும் கூட்டினால் 7. எனவே 777 என்றால் அந்த சர்வரில் உள்ள யாரும் எதையும் செய்யலாம் என்று பொருள். போல்டருக்கு மட்டும் அந்த 1 என்பது உள்ளே நுழையும் அனுமதி. அதனால் போல்டருக்கு 644 கொடுத்துவிட்டால் தளம் திறக்காது.

"மற்றவர்கள்" யார் என்ற கேள்வி எழலாம். குறைந்த கட்டண ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரில் உங்களைப் போல் பல வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். 2010 ஏப்ரலில் அமெரிக்காவின் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் சர்வர்களில் இருந்த பல வேர்ட்பிரஸ் தளங்கள் தாக்கப்பட்டன. டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் அடங்கிய டபிள்யூபி-கான்ஃபிக் பைலை மற்றவர்களும் படிக்க முடிந்ததே காரணம். படிக்கும் அனுமதி மட்டுமே இந்தப் பாடு படுத்தினால், எழுதும் அனுமதி என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

சரியான எண்கள்: போல்டர்களுக்கு 755, பைல்களுக்கு 644. ஃபைல்ஸில்லாவில் வலது பக்கம் தெரியும் சர்வர் போல்டரில் ரைட் கிளிக் செய்து, பைல் பெர்மிஷன்ஸ் தேர்ந்தெடுங்கள். கிடைக்கும் விண்டோவில் 755 என டைப் செய்து, உள் போல்டர்களுக்கும் செல்லும்படி டிக் செய்திடுங்கள். கீழே டைரக்டரிகளுக்கு மட்டும் என்பதைத் தேர்வு செய்வதை மறந்துவிடாதீர்கள். பின் இதே போல 644 கொடுத்து, பைல்களுக்கு மட்டும் என அமைத்திடுங்கள். பைல்கள் அதிகம் என்பதால் சற்று நேரம் எடுக்கும். ஒரு காபி குடித்து வரலாம்.

கான்ஃபிக் பைலுக்கு மட்டும் தனியாக 600 கொடுத்துப் பாருங்கள். தளம் திறந்தால் அப்படியே விட்டுவிடலாம். திறக்காவிட்டால் 640. அதற்கும் மசியவில்லை என்றால் 644க்குத் திரும்பி, பாதுகாப்பிற்கு என்ன வழி என்று ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்பதே நல்லது.

சரி, 755 வைத்த பின்னும் படம் அப்லோட் ஆகவில்லையா? அப்படியானால் கோளாறு எண்ணில் இல்லை, உரிமையாளர் பெயரில் இருக்கலாம். போல்டர் உங்கள் பெயரில் இருக்க, பி.எச்.பி. வேறு பெயரில் இயங்கினால் இப்படி ஆகும். இதனை ஹோஸ்டிங் நிறுவனம்தான் சரி செய்ய முடியும். மெயில் அனுப்பிக் கேளுங்கள். பி.எச்.பி. உங்கள் பெயரிலேயே இயங்கும் சர்வர்களில் 755 தாராளமாகப் போதும். அவற்றில் சில, 777 கொடுத்தால் 500 என்ற பிழை எண்ணைக் காட்டி இயங்க மறுத்துவிடும். எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கும்.

ஏற்கனவே 777 கொடுத்து வைத்திருப்பவர்கள் எண்ணை மாற்றுவதுடன் நின்றுவிட வேண்டாம். அப்லோட்ஸ் போல்டரைத் திறந்து பாருங்கள். அங்கே படங்களும் ஆவணங்களும்தான் இருக்க வேண்டும். சில பிளகின்கள் காலியான இண்டெக்ஸ் பைல் ஒன்றை வைப்பதுண்டு. அது தவிர பி.எச்.பி. என்று முடியும் பைல் இருந்தால், அதனை அழிப்பதற்கு முன் அதன் தேதியைக் குறித்துக் கொண்டு, டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் அட்மின் பாஸ்வேர்டையும் உடனே மாற்றிவிடுங்கள்.